பழைய காருக்கு முளைத்த "நீலப் பல்"!

பழைய காருக்குப் புதிதாகப் பல் முளைக்குமா?

முளைக்கும்! அதுவும் நீல நிறப் பல்!

"புளூடூத்" என்று இப்போது எல்லோரும் சொல்லுகிறார்கள் அல்லவா? அந்த ஆங்கிலச் சொல்லுக்கு "நீலப் பல்" என்றுதான் அர்த்தம். கம்பி எதுவும் இல்லாமல், செல்போனையும் காரையும் சேர்த்து வைக்கும் முறைக்கு இந்தப் பெயர்.

செல்போன் சட்டைப் பையில் இருக்கும். அல்லது மனைவியின் கைப்பையில் இருக்கும். அதில் வரும் பாட்டு, காரின் ஒலிபெருக்கியில் கேட்கும். யாராவது போனில் கூப்பிட்டால், கையைத் தூக்காமலே பேசலாம்.

புதிய கார்களில் இந்த வசதியைத் தொழிற்சாலையிலேயே வைத்து விடுகிறார்கள். ஆனால், 15 ஆண்டு, 20 ஆண்டு ஓடிய கார்களை வைத்து இருப்பவர்கள் என்ன செய்வது?

அவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒன்று அல்ல, ஐந்து வழிகள்!

நாவலூர் சாலையில்

சென்னைக்குத் தெற்கே, சோழிங்கநல்லூரைத் தாண்டினால் நாவலூர். அதற்கு அப்பால் சிறுசேரி. அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த பெரிய "சிப்காட்" பூங்கா இருக்கிறது.

நாவலூர் வழியாகப் போகும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு "ராஜீவ்காந்தி சாலை" என்று பெயர். 2008-ம் ஆண்டில் இது ஆறு வழிச் சாலையாகத் திறக்கப்பட்டது. நாவலூர் சுங்கச்சாவடியில் நின்று பணம் கட்டிய காலம் 2023 அக்டோபரோடு முடிந்தது.

காலையில் இந்த ரோட்டைப் பார்த்தால் தலை சுற்றும். கம்பெனி பஸ்கள், கார்கள், ஆட்டோக்கள், மோட்டார் சைக்கிள்கள், தண்ணீர் லாரிகள்!

புத்தம் புதிய கார்களுக்கு நடுவே, பழைய கார்களும் போகும். 1998-ல் வந்த "சான்ட்ரோ" காரின் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1999-ல் வந்த "போர்டு ஐகான்" கார், மறைமலைநகரில் செய்யப்பட்டது. போர்டு கம்பெனி 2022-ல் அங்கே கார் செய்வதை நிறுத்தி விட்டது. ஆனாலும், கார்கள் ஓய்வு பெறவில்லை!

இவற்றுக்கு எல்லாம் தாத்தா ஒருவர் உண்டு. அவர்தான் "ஸ்டாண்டர்டு ஹெரால்டு". தாம்பரத்தை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1961 முதல் ஹெரால்டு கார்கள் வந்தன. அந்தத் தொழிற்சாலை 1980-களின் கடைசியில் மூடப்பட்டது. பழைய காரில் ஆசை உள்ளவர்கள், ஹெரால்டு காரை இன்றும் துடைத்துத் துடைத்து வைத்து இருக்கிறார்கள்.

ஒரு குடும்பத்துக்குப் பழைய கார் என்பது வெறும் வண்டி அல்ல. முதல் முதலாகக் கடன் வாங்கி வாங்கிய கார் அது. குழந்தையை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்குக் கொண்டு வந்த கார் அது. "விற்று விடலாமா?" என்று கேட்டால், வீட்டில் யாருக்கும் மனம் வராது. புதிய கார் வாங்கக் கையில் பணமும் இருக்காது.

அந்தக் காரில் ஒரே ஒரு குறை. போன் வந்தால் என்ன செய்வது?

காதில் போன், கையில் உயிர்!

காரை ஓட்டிக்கொண்டு போகும்போது போன் மணி அடிக்கிறது.

"யாருன்னு பாரும்மா" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. ஓட்டுகிறவர் ஒரு கையால் போனைத் தேடுகிறார். குனிந்து பெயரைப் பார்க்கிறார். காதில் வைக்கிறார்.

இதற்கு எல்லாம் 3 வினாடிதான் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 வினாடி பெரிய நேரமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு வினாடிக்கு சுமார் 17 மீட்டர் ஓடும். 3 வினாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அதாவது, 50 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டியதற்குச் சமம்! அந்த 50 மீட்டருக்குள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ரோட்டைக் கடந்தால்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. கார் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசினால், மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவின்படி குற்றம். 2019-ல் திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தில், முதல் தடவைக்கு 1,000 ரூபாய் முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. ஜெயில் தண்டனைக்கும் இடம் உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020-ல் விதி செய்தார்கள். அதுவும், ஓட்டுகிறவரின் கவனம் சிதறாமல் இருந்தால்தான்!

ஆகவே, பழைய காருக்கு "நீலப் பல்" வைப்பது பாட்டு கேட்பதற்கு மட்டும் அல்ல. கை ஸ்டீயரிங்கிலும், கண் ரோட்டிலும் இருப்பதற்காகவும்தான்.

பெயர் கொடுத்த ராஜா

அது சரி. இதற்கு ஏன் "நீலப் பல்" என்று பெயர்?

சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு, டென்மார்க் நாட்டை ஹரால்டு என்ற ராஜா ஆண்டார். "நீலப் பல் ஹரால்டு" என்று அவருக்குப் பட்டப்பெயர். அவருடைய பல் ஒன்று கெட்டுப்போய் நிறம் மாறி இருந்தது என்றும், அதனால் அந்தப் பெயர் வந்தது என்றும் சொல்லுகிறார்கள். பிரிந்து கிடந்த மக்களை அவர் ஒன்று சேர்த்தார்.

1994-ல் சுவீடன் நாட்டில் உள்ள "எரிக்சன்" டெலிபோன் கம்பெனி, கம்பி இல்லாமல் கருவிகளைச் சேர்க்கும் ஆராய்ச்சியைத் தொடங்கியது. பிறகு மற்ற கம்பெனிகளும் சேர்ந்தன. எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டி இருந்தது.

"இன்டெல்" கம்பெனி என்ஜினீயர் ஜிம் கார்டாக் என்பவர், "ராஜா மக்களை ஒன்று சேர்த்தார். நாம் கருவிகளை ஒன்று சேர்க்கிறோம். அவர் பெயரையே வைப்போம்" என்று யோசனை சொன்னார். தற்காலிகமாக வைத்த பெயர்தான். ஆனால், அதுவே நிலைத்து விட்டது!

1998-ல் எரிக்சன், நோக்கியா, இன்டெல், ஐ.பி.எம்., தோஷிபா ஆகிய 5 கம்பெனிகள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. போனில் தெரியும் நீல நிற அடையாளத்தைப் பார்த்து இருப்பீர்கள். அது, ராஜாவின் பெயரில் உள்ள இரண்டு முதல் எழுத்துக்களை, அந்த நாட்டின் பழைய எழுத்தில் எழுதிப் பின்னியது ஆகும்.

சினிமா நடிகையின் யோசனை

புளூடூத் ஒரு சிறிய ரேடியோ. போனுக்குள் ஒன்றும், காருக்குள் ஒன்றும் இருக்கும். இரண்டும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும். சாதாரணமாக சுமார் 10 மீட்டர் தூரம்தான் எட்டும். காருக்கு அது போதாதா?

நாவலூர் சிக்னலில் 50 கார்கள் நிற்கின்றன. எல்லாவற்றிலும் புளூடூத். ஒரு காரில் பேசுவது, அடுத்த காரில் கேட்காதா?

கேட்காது! ஏன் தெரியுமா?

இந்த ரேடியோ ஒரே அலைவரிசையில் நிற்பது இல்லை. 79 அலைவரிசைகளில் மாறி மாறித் தாவுகிறது. ஒரு வினாடிக்கு 1,600 தடவை தாவுகிறது! எந்த வரிசையில் தாவ வேண்டும் என்பது, ஜோடி சேர்ந்த அந்த இரண்டு கருவிகளுக்கு மட்டுமே தெரியும். பேச்சை ரகசியக் குறியீடாக மாற்றி அனுப்பும் ஏற்பாடும் உண்டு.

இப்படித் தாவும் யோசனைக்கு 1942-லேயே காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர், ஒரு சினிமா நடிகை!

அவர் பெயர் ஹெடி லமார். ஆஸ்திரியாவில் பிறந்து, ஹாலிவுட்டில் புகழ் பெற்ற அழகி. ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசை அமைப்பாளருடன் சேர்ந்து அவர் இந்த முறையை உருவாக்கினார். கடலுக்குள் பாய்ந்து போகும் குண்டை, எதிரி குறுக்கிட முடியாதபடி ரேடியோவால் இயக்குவதற்காக அதை உருவாக்கினார்கள். பியானோவில் 88 கட்டைகள் இருப்பது போல், 88 அலைவரிசைகள்!

அப்போது ராணுவம் அதைப் பயன்படுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்துத்தான் அதன் அருமை தெரிந்தது. ஹெடி லமார் 2000-ம் ஆண்டில் காலமானார். 2014-ல் அமெரிக்காவின் கண்டுபிடிப்பாளர் பெருமைப் பட்டியலில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

ஐந்து வழிகள்

இனி காருக்கு வருவோம். உங்கள் காரில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பொறுத்துத்தான் வழி.

1. காரில் எப்.எம். ரேடியோ இருந்தால்: சிகரெட் லைட்டர் துவாரத்தில் செருகும் ஒரு சிறு கருவி கிடைக்கிறது. சில நூறு ரூபாயிலேயே வாங்கலாம். போனில் இருந்து பாட்டை இது வாங்கும். குட்டி எப்.எம். நிலையம் போல் ஒலிபரப்பும். கார் ரேடியோ அதைப் பிடித்துப் பாடும்.

இதில் ஒரு சிக்கல். சென்னை எப்.எம். நிலையங்களுக்குப் பேர் போன ஊர். இந்தியாவில் முதல் எப்.எம். ஒலிபரப்பே 1977 ஜூலை 23-ந் தேதி சென்னையில்தான் தொடங்கியது! இன்று 93.5, 98.3, 101.4, 106.4 என்று வரிசையாக நிலையங்கள் இருக்கின்றன. அவற்றின் மேலோ, பக்கத்திலோ உங்கள் கருவியை வைத்தால், உங்கள் பாட்டோடு அவர்கள் பாட்டும் கலந்து "கொர்" என்று இரையும். ஆகவே, ரேடியோவை மெதுவாகத் திருப்பி, எந்த நிலையமும் இல்லாத இடத்தைத் தேடுங்கள். அந்த எண்ணைக் கருவியிலும் வையுங்கள்.

2. காரில் கேசட் பெட்டி இருந்தால்: "கேசட்டா? அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்!" என்று சொல்லாதீர்கள். 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டு வந்த கேசட், இப்போது புது வேடம் போட்டு இருக்கிறது. கேசட் வடிவத்திலேயே புளூடூத் கருவி வருகிறது. உள்ளே நாடா கிடையாது. நாடா இருக்க வேண்டிய இடத்தில் சிறு காந்தத் தலை இருக்கும். அது போனின் பாட்டை, கேசட் பெட்டியின் தலைக்குக் கொடுத்து விடும். பெட்டி நல்ல நிலையில் இருந்தால், பாட்டு எப்.எம். முறையை விடத் தெளிவாகக் கேட்கும். இதை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும்.

3. "ஆக்ஸ்" துவாரம் இருந்தால்: நீங்கள் அதிர்ஷ்டசாலி! ரேடியோவின் முகப்பில், காதில் மாட்டும் ஹெட்போன் முனை அளவுக்கு ஒரு சிறு துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதில் செருகும் புளூடூத் கருவி வாங்கினால் போதும். இரைச்சல் குறைவு. செலவும் குறைவு.

4. புதிய ஸ்டீரியோ மாட்டுவது: பழைய பெட்டியைக் கழற்றி விட்டு, புளூடூத் உள்ள புதிய பெட்டியை மாட்டலாம். சில ஆயிரம் ரூபாய் ஆகும். சான்ட்ரோ, ஐகான் காலத்துக் கார்களில் இது எளிது. ஏன் என்றால், கார் ஸ்டீரியோவுக்கு உலகம் முழுவதும் ஒரே அளவு உண்டு. அகலம் 18 சென்டி மீட்டர், உயரம் 5 சென்டி மீட்டர். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளும், ரிச்சி தெருவும் இதற்குப் பெயர் போனவை.

5. ரேடியோவே இல்லாவிட்டால்: சூரிய ஒளி கண்ணில் படாமல் தடுக்க, கண்ணாடிக்கு மேல் ஒரு மடக்குத் தட்டு இருக்கிறதே? அதில் கவ்விக்கொள்ளும் புளூடூத் ஒலிபெருக்கி கிடைக்கிறது. அதில் மைக்கும் உண்டு. காரில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம்!

ஹெரால்டு காருக்கு எச்சரிக்கை!

மிகப் பழைய கார் வைத்து இருப்பவர்கள், அவசரப்பட்டுப் புதிய ஸ்டீரியோவை மாட்டக் கூடாது.

இப்போதைய கார்களில், பாட்டரியின் "நெகட்டிவ்" முனை காரின் இரும்பு உடலோடு சேர்ந்து இருக்கும். ஆனால், அந்தக் காலத்து இங்கிலீஷ் ரகக் கார்கள் சிலவற்றில் இது தலைகீழ். "பாசிட்டிவ்" முனை உடலோடு சேர்ந்து இருக்கும்! அந்தக் காரில் புதிய ஸ்டீரியோவை அப்படியே மாட்டினால், கருவி கருகிப் போகும். ஒயரிங் தீப்பிடிக்கவும் கூடும். சில பழைய கார்களில் பாட்டரியே 12 வோல்ட் அல்ல, 6 வோல்ட்தான்.

பழைய கார் வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டி, "எந்த முனை எர்த்?" என்று கேட்ட பிறகே கை வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால், ஐந்தாவது வழியே நல்லது. ஸ்டீரியோ வைப்பதற்காக டேஷ்போர்டை அறுத்து விடாதீர்கள். அறுத்த பலகையைத் திரும்ப வாங்க முடியாது.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்து இருந்தவர்கள், தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டினார்கள். அப்படி லைசென்ஸ் கட்டிய ரேடியோ, உங்கள் காரில் இன்னும் இருக்கலாம். அதில் மீடியம் வேவ் மட்டும் இருந்தால், முதலில் சொன்ன எப்.எம். கருவி வேலை செய்யாது. அந்த ரேடியோவை அழகுக்காக விட்டு வையுங்கள்.

எந்தக் காராக இருந்தாலும் மூன்று விஷயம் முக்கியம்:

புதிய ஒயருக்கு "பியூஸ்" கட்டாயம் வேண்டும். ஒயரை வெறும் டேப் சுற்றித் தொங்க விடக் கூடாது. சாவியை எடுத்த பிறகும் லைட்டர் துவாரத்தில் மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், இறங்கும்போது கருவியைப் பிடுங்கி விடுங்கள். இல்லாவிட்டால், ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது பாட்டரி படுத்து விடும்!

ஜோடி சேர்ப்பது எப்படி?

போனையும் கருவியையும் முதல் தடவை சேர்த்து வைப்பதை, "ஜோடி சேர்ப்பது" என்று சொல்லலாம். கல்யாணம் போல ஒரு தடவை செய்தால் போதும். அதன் பிறகு, காரில் ஏறியதும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

கார் நின்றுகொண்டு இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

கருவியை ஆன் செய்யுங்கள். போனில் "செட்டிங்ஸ்" பகுதிக்குப் போய், புளூடூத்தை ஆன் செய்யுங்கள். பக்கத்தில் உள்ள கருவிகளின் பெயர் எல்லாம் வரிசையாகத் தெரியும். உங்கள் கருவியின் பெயரைத் தொடுங்கள். ரகசிய எண் கேட்டால், பெரும்பாலும் 0000 அல்லது 1234 ஆக இருக்கும். கருவியோடு வந்த தாளில் அந்த எண்ணைப் போட்டு இருப்பார்கள். அவ்வளவுதான்!

"பேச்சு கேட்கிறது, பாட்டு மட்டும் வரவில்லையே?" என்று சிலர் கேட்கிறார்கள். புளூடூத்தில் பேச்சுக்கு ஒரு முறை, பாட்டுக்கு வேறு ஒரு முறை. முன்பு வந்த சில கார்களில், பேச்சு முறையை மட்டும் வைத்து இருந்தார்கள். அது கோளாறு அல்ல. பாட்டு வேண்டும் என்றால், "ஆக்ஸ்" துவாரத்தில் தனிக் கருவி செருக வேண்டும்.

ரகசியம் அம்பலம்!

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும்.

கணவன் கார் ஓட்டுகிறார். பின் சீட்டில் அவருடைய அம்மா. வீட்டில் இருந்து மனைவி போன் செய்கிறார். கார் ஒலிபெருக்கியில் குரல் கணீர் என்று கேட்கிறது:

"என்னங்க, உங்க அம்மா எப்பதான் ஊருக்குப் போறாங்க?"

அப்புறம் என்ன நடந்து இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்!

அதனால், போனை எடுத்ததும், "நான் கார்ல இருக்கேன். அம்மாவும் கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லி விடுவது குடும்பத்துக்கு நல்லது.

இதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சில ஸ்டீரியோக்கள், உங்கள் போனில் உள்ள பெயர்களையும் நம்பர்களையும் தங்களுக்குள் பதிந்து வைத்துக்கொள்ளும். காரை விற்கும்போது அவற்றை அழிக்காமல் விற்றால், உங்கள் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் நம்பர் எல்லாம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போய் விடும். ஆகவே, விற்கும் முன்பு ஸ்டீரியோவில் உள்ள பழைய போன்களின் பெயரை நீக்குங்கள். பழைய கார் வாங்குகிறவர்களும், முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

கை சும்மா இருந்தால் போதுமா?

எல்லாம் மாட்டியாகி விட்டது. கை ஸ்டீயரிங்கில்தான் இருக்கிறது. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டே போகலாமா?

கூடாது!

1997-ல் கனடா நாட்டில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. கார் ஓட்டும்போது போன் பேசினால், மோதும் அபாயம் சுமார் 4 மடங்கு என்று அதில் தெரிய வந்தது. போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அபாயம் குறையவில்லை என்பதுதான் இதில் அதிர்ச்சி!

காரணம் என்ன? கை சும்மா இருக்கிறது. ஆனால், மூளை சும்மா இல்லை. ஆபீசில் மேலதிகாரி கோபமாகப் பேசுகிறார். மனம் அங்கே போய் விடுகிறது. கண் திறந்து இருக்கிறது. எதிரே வரும் லாரி கண்ணில் படுகிறது. மனதில் படவில்லை!

பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு ரோடு தெரியும். ஆபத்து வந்தால், பேச்சை நிறுத்தி விட்டு "பார்த்துப்பா!" என்பார். போனில் பேசுகிறவருக்கு ரோடு தெரியாது.

ஆகவே, போன் வந்தால் ஒரு வார்த்தை போதும். "கார் ஓட்டறேன். அப்புறம் கூப்பிடறேன்." அதற்கு மேல் பேச வேண்டும் என்றால், ஓரமாக, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். பாட்டையும், பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் காதில் விழும் அளவுக்கு வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. அவர் காரில் வந்துகொண்டு இருக்கிறார் என்று தெரிந்தால், "எங்கே வர்றீங்க? எங்கே வர்றீங்க?" என்று 5 நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிடாதீர்கள். 10 நிமிடம் தாமதமாக வந்தால் ஒன்றும் குறைந்து போகாது.

பழைய காருக்குப் பல் எந்த நிறத்தில் வேண்டுமானாலும் முளைக்கட்டும். அதை ஓட்டுகிறவருடைய கண் மட்டும் ரோட்டில் இருக்கட்டும்!